தவறாக வாங்கிய மதர்போர்டு: கடையில் திருப்பிக் கொடுப்பதா, வெளியே விற்பதா?

கொரட்டூர் ஏரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை மாலை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில் இன்டெல் ஐ5-12400 ப்ராசஸரும், பி760 சிப்செட் கொண்ட ஒரு மதர்போர்டும் வாங்கினேன். பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம்கள் (முந்தைய தலைமுறை நினைவகம்) என்னிடம் நல்ல நிலையில் இருக்கின்றன. ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் அவற்றையே புதிய போர்டில் போட்டுக்கொண்டு, ப்ராசஸருக்கும் போர்டுக்கும் மட்டும் செலவு செய்வது என்பதுதான் என் திட்டம்.

ஞாயிறு காலை போர்டைப் பிரித்து, ப்ராசஸரைப் பொருத்தி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, கூலரையும் திருகிப் பொருத்திவிட்டேன். அதன் பிறகு ரேமைச் செருகினால் ஒரு பக்கத்துக் கிளிப் பாதி மூடியது. மறுபக்கம் ரேம் எழும்பியே நின்றது. தூசியாக இருக்கும் என்று நினைத்துப் பெருவிரலால் இரண்டு முறை அழுத்தியும் பார்த்தேன். பிறகு ரேமை எடுத்து ஸ்லாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், ரேமின் அடியில் உள்ள வெட்டும் ஸ்லாட்டுக்குள் உள்ள சிறிய மேடும் ஒரே இடத்தில் இல்லை என்பது கண்ணில் பட்டது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் டிடிஆர்5 என்று, அதாவது அடுத்த தலைமுறை ரேமுக்கான போர்டு என்று இருக்கிறது.

ஞாயிறு அன்று கடை இல்லை. இன்று காலை தொலைபேசியில் கேட்டதற்கு, "பில்லுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள் சார்" என்ற பதில்தான் கிடைத்தது. விற்ற பொருளைத் திரும்பப் பெறவோ மாற்றித் தரவோ இயலாது என்று அங்கே சிவப்பு மையில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். போர்டின் விலை ரூ. 10,400. பில், பெட்டி, உள்ளிருந்த பொருட்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் நீதிமன்றம் எதற்காக இருக்கிறது என்று என் தந்தை கேட்கிறார். இணையத்தில் விளம்பரம் போட்டால் ஒரே நாளில் விற்றுவிடும் என்று மைத்துனர் சொல்கிறார். பேசாமல் டிடிஆர்5 ரேம் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா என்று எனக்கே ஒரு யோசனை ஓடுகிறது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சாலிடர் புகை

வணக்கம் நண்பரே. நான் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுது பார்ப்பவன். எங்கே கொடுப்பது என்ற கேள்விக்குப் போவதற்கு முன், கொடுக்கும் நிலையில் அந்தப் போர்டு இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு முறை அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்லாட்டுக்குள் இருக்கும் அந்த மேட்டின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா, ஓரத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த மேட்டை வைத்திருப்பதே உங்களைப் போன்றவர்களின் பெருவிரலைத் தடுப்பதற்காகத்தான்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடர்பு முனைகள் இருக்கின்றன; நீளமும் ஒன்றேதான். அதனால்தான் தனித்தனியாகப் பார்த்தால் கண் ஏமாந்துவிடுகிறது. ஆனால் மின்சாரம் போகும் வழி வேறு. டிடிஆர்4 ரேமுக்கு வேண்டிய 1.2 வோல்ட்டைப் போர்டே தயாரித்துக் கொடுக்கிறது. டிடிஆர்5 ரேமுக்குப் போர்டு 5 வோல்ட்டை அனுப்ப, ரேமின் மீதே ஒட்டியிருக்கும் ஒரு சிறிய சிப் அதை 1.1 வோல்ட்டாக இறக்கிக்கொள்கிறது. ஆகவே வெட்டை அரத்தால் ராவி உள்ளே நுழைத்தாலும் வேலை செய்யாது. ரேம் கருகுவதுதான் மிச்சமாக இருக்கும். இதைச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்த ஒருவர் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் ப்ராசஸரில் எந்தத் தவறும் இல்லை. 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களில் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) வருபவை டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். எது என்பதைத் தீர்மானிப்பது போர்டுதான். ஒரே பெயருள்ள போர்டு இரண்டு வகையாகவும் வருவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். பெயரின் கடைசியில் டி4 அல்லது டிடிஆர்4 என்று ஒட்டு இருந்தால் அது பழைய வகை ரேமுக்கானது. பி760 போர்டுகளில் ஒட்டு இல்லையென்றால் பெரும்பாலும் டிடிஆர்5. விலை குறைந்த எச்610 போர்டுகள் சிலவற்றில் இதுவே தலைகீழாக இருக்கும்: ஒட்டு இல்லாதது டிடிஆர்4, டி5 என்று போட்டிருப்பது டிடிஆர்5. பெயரை மட்டும் நம்பாமல், ஸ்லாட்டுக்கு அருகில் போர்டின் மீதே அச்சிட்டிருப்பதையும் கடையில் நின்றபடியே படித்துவிட வேண்டும்.

டிடிஆர்5 ரேம் வாங்கிப் போட்டுவிடலாமா என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கமாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து நினைவகத் தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் உற்பத்தியைத் திருப்பியதால், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ரேமின் விலை எங்கோ போய்விட்டது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் செய்துவந்த நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்ததும் இந்த நெருக்கடியின் ஒரு பகுதிதான். பத்தாயிரம் ரூபாய்ப் பிழையைச் சரிசெய்ய, கையில் இருக்கும் நல்ல 16 ஜிபி ரேமை டிராயரில் போட்டுவிட்டு, அதே அளவுள்ள ரேமைப் புதிதாக வாங்குவது வீண் செலவு.

வாய்தா

கேள்வி கேட்டவரின் தந்தையாருக்காக இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவன். நுகர்வோர் வழக்குகளும் பார்ப்பதுண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(47) பிரிவு, எவையெல்லாம் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று பட்டியலிடுகிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவற்றில் ஒன்று. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள்ளும் அதைச் செய்தாக வேண்டும். ஆகவே சிவப்பு முத்திரை குத்திவிட்டதாலேயே பழுதான பொருளை உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் இங்கே முக்கியமான சொல் "குறைபாடுள்ள" என்பது. உங்கள் போர்டு பழுதானது அல்ல. உங்களுக்கு வேண்டாத போர்டு, அவ்வளவுதான். நேரில் பார்த்து, வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மனம் மாறினாலோ, வாங்கியவரே தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தாலோ, பணத்தைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று நம் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இணையத்தில் வாங்கியிருந்தாலும் அடிப்படை இதுதான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாவிட்டாலும், சொன்ன நாளைத் தாண்டி வந்தாலும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வாங்கியவரின் தவறுக்கு அந்தத் தளம் தானாக வைத்திருக்கும் திருப்பிக் கொடுக்கும் கொள்கைதான் கதி. கணினிப் பாகங்களில் பல, மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம் என்ற வகையில்தான் விற்கப்படுகின்றன.

எனவே நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். நீங்கள் கடையில் என்ன கேட்டீர்கள்? "என்னிடம் டிடிஆர்4 ரேம் இருக்கிறது, அதற்கு ஏற்ற போர்டு வேண்டும்" என்று கேட்டு, அவர் இதை எடுத்துக் கொடுத்திருந்தால் நிலைமையே வேறு. ஒப்புக்கொண்ட பொருள் ஒன்று, கொடுத்த பொருள் வேறு என்றாகிவிடும். அதற்கு வாட்ஸ்அப் செய்தியோ, மதிப்பீட்டுச் சீட்டோ இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். கடைக்குத் தகவல் போனதுமே பல விஷயங்கள் முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் சான்று இல்லாமல் படியேறினால், ரூ. 10,400க்காக எத்தனை நாள் விடுப்பு எடுப்பீர்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரட்டூர் ஏரிக்கரை

விளக்கமாக எழுதிய இருவருக்கும் நன்றி. வாய்தா ஐயா கேட்ட பிறகு வாட்ஸ்அப்பைத் தேடிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை இரவு, ஒரு விலைப்பட்டியலிலிருந்து போர்டின் பெயரை நகலெடுத்து நான்தான் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டியலில் அந்தப் பெயர் இரண்டு வரிகளாக மடங்கியிருந்தது. முதல் வரியை மட்டும் நகலெடுத்திருக்கிறேன். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் டி4 என்ற ஒட்டு தனியாக நிற்கிறது. கடைக்காரர் நான் கேட்ட பெயருக்கு உரிய போர்டைத்தான் சரியாக எடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் இருக்கும் ரேமைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது என்பதால் புகார் என்ற பேச்சை அப்பாவிடம் சொல்லி நிறுத்திவிட்டேன்.

ஸ்லாட்டில் வெளுப்போ கீறலோ இல்லை. இனி விற்பதுதான் வழியா?

நரசிங்கபுரத்துக் கவுண்டர்

தம்பி, விற்பதற்கு அவசரப்படாதீர்கள். நான் ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் பதினான்கு ஆண்டுகளாகக் கவுண்டரில் நிற்பவன். நீங்கள் வாங்கிய கடை எது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தால் இந்த விவகாரம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

தொலைபேசியில் கேட்டால் எந்தக் கடையிலும் முதல் பதில் "முடியாது" என்பதுதான். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு விநியோகஸ்தரின் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில், முகம் தெரியாத ஒருவர் பொருள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அது கல்லில் எழுதிய பதில் அல்ல. கூட்டம் குறைவாக இருக்கும் வேலைநாள் முற்பகலில் நேரில் போய், தவறு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். "டி4 போர்டாக மாற்றித் தாருங்கள், குறைத்துக்கொள்ள வேண்டியதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். இரண்டுக்கும் கடைக்காரர் காதில் விழும் ஓசையே வேறு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எங்களுக்கு ஒரு வியாபாரம் போகிறது. மாற்றிக் கொடுத்தால் வியாபாரமும் நிற்கிறது, கணக்கில் ஒரு கிரெடிட் நோட்டும் (திரும்பி வந்த பொருளின் மதிப்பை வரவு வைக்கும் சீட்டு) ஒரு புதிய பில்லும் போட்டால் ஜிஎஸ்டி பக்கமும் நேராகிவிடுகிறது.

முத்திரை குத்துவதற்கும் காரணம் இருக்கிறது. சீல் உடைத்த போர்டை விநியோகஸ்தர் எங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அதைத் திறந்த பெட்டி என்று சொல்லித்தான் அடுத்தவருக்கு விற்க வேண்டும். அடுத்தவர் நூறு கேள்வி கேட்பார். அதைவிடப் பெரிய பயம் சாக்கெட். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் முடி போன்ற 1700 முனைகள் இருக்கின்றன. ப்ராசஸரைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தாலோ, துணியின் நூல் ஒன்று மாட்டி இழுத்திருந்தாலோ ஒரு முனை வளைந்துவிடும். முனை வளைந்த போர்டுக்குப் பொதுவாக நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. ஒரு முறை ஒருவர் கொண்டுவந்த போர்டை, நல்ல மனிதராகத் தெரிகிறாரே என்று மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கி வைத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு என் சொந்த அண்ணன் கொண்டுவந்தாலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையில் வாங்குவதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காமல், இருபக்கமும் லேசாகத் திருகிப் பேஸ்ட்டின் பிடியை விடுவியுங்கள். ப்ராசஸர் சாக்கெட்டில் இருக்கும்போதே அதன் மேல்தகட்டில் உள்ள பேஸ்ட்டைத் துடைத்துவிடுங்கள். கழற்றிய பிறகு துடைத்தால் துளி சாக்கெட்டுக்குள் விழும். பிறகு நெம்புகோலைத் தூக்கி, ப்ராசஸரை இரண்டு ஓரங்களிலும் பிடித்து நேராக எடுத்து, அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வையுங்கள். வெறும் சாக்கெட்டின் மேல் இரும்புச் சட்டத்தை மூடி, முதல் நாள் கழன்று விழுந்த கறுப்பு மூடியை அதன் மேல் பழையபடி அழுத்திப் பொருத்துங்கள். அந்த மூடியைக் குப்பையில் போட்டிருந்தால் இப்போதே குப்பைக்கூடையைத் தேடுங்கள், தம்பி. மூடி இல்லாத போர்டைப் பார்த்ததும் பாதிக் கடைக்காரர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். வெள்ளிநிறப் பை, சாட்டா கேபிள்கள், பின்பக்கத் தகடு, கையேடு, எஸ்எஸ்டியைப் பிடிக்கும் சிறிய எம்.2 ஸ்க்ரூ எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் இப்படி வரும் போர்டுக்குப் பத்து சதவீதம் வரை பிடிப்போம். உங்கள் கடையில் கூடலாம், குறையலாம். இன்னொன்று, டி4 போர்டுகளை இப்போது நிறையப் பேர் தேடி வருகிறார்கள். பழைய ரேமைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. கடையில் இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் போங்கள். வாரக் கடைசி வரை ஒத்திப் போடாதீர்கள். இரண்டாம் நாள் வருபவரை நம்புவதுபோல இருபதாம் நாள் வருபவரை நம்ப மாட்டோம். சுருக்கமாகச் சொன்னால், அத்தனை நாள் அந்தப் போர்டு எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று யோசிப்போம்.

பழைய பெட்டி

கவுண்டர் அண்ணன் சொல்வது சரிதான் என்றாலும், கடைக்காரர் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். நான் பத்துப் பன்னிரண்டு பாகங்களை இணையத்தில் விற்றிருக்கிறேன். அவற்றில் இரண்டு, இவரைப் போலவே தவறாக வாங்கியவை.

மதர்போர்டு, ரேமைப் போல விரைவில் விற்கும் பொருள் அல்ல. ரேமை வாங்குபவர் தன் கணினியில் போட்டு ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். போர்டை அப்படிப் பார்க்க முடியாது. அதுவும் உங்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது: போர்டு ஓடுகிறது என்று காட்ட டிடிஆர்5 ரேம் வேண்டும், அது இல்லாததால்தானே விற்கிறீர்கள்! "ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத போர்டு" என்று நீங்கள் பெருமையாக எழுதினால், வாங்குபவர் அதைக் குறையாகத்தான் படிப்பார். அதனால் விளம்பரம் போடுவதற்கு முன், பழுது பார்க்கும் கடை ஒன்றில் சிறு தொகை கொடுத்து, அவர்களுடைய டிடிஆர்5 ரேமைப் போட்டுப் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரை தெரியும் வரை ஓட்டி, அதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் போர்டின் சீரியல் ஒட்டியும் ஓர் ஓரத்தில் தெரிய வேண்டும். விளம்பரத்தில் போடும் படத்தில் மட்டும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, பில் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதற்காக ஐந்நூறு ரூபாய் மட்டும் குறைத்துக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். அதே பணத்துக்குச் சீல் உடையாத போர்டு கடையில் கிடைக்கும்போது உங்களிடம் ஏன் வர வேண்டும்? இரண்டு முதல் இரண்டரை ஆயிரம் இறங்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பில்லின் அசலைக் கொடுப்பீர்கள் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது அதுதான் வாங்குபவருக்குத் துணை. உங்கள் அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டிருந்தால் மட்டும் அவசரப்பட்டு வெளியே விற்காதீர்கள். கணக்கு எழுதுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணம் வாங்கும்போது கவனம் தேவை. விளம்பரம் போட்ட அரைமணி நேரத்தில், விலையே பேசாமல், "எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவர் வருவார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். நமக்குப் பணம் வருவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை. பின் எண் கேட்கிறது என்றாலே நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது. என் நண்பர் ஒருவர் இதில் ஆறாயிரம் ரூபாயை விட்டார். உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் சொன்னதால் ஒரு பகுதியை முடக்க முடிந்தது. மெட்ரோ நிலைய வாசல் போன்ற ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகல் நேரத்தில் நேரில் கொடுத்து, வங்கிச் செயலியில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பெட்டியைக் கைமாற்றுங்கள். எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

சாலிடர் புகை

பழைய பெட்டி சொன்னதில் ஒரு திருத்தம். ஓட்டிப் பார்க்கிறேன் என்று இன்னொரு முறை ப்ராசஸரைப் போட்டுக் கழற்றுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முனை வளைய வாய்ப்பு உண்டு. கடையில் மாற்றும் முயற்சி தோற்ற பிறகே சோதனையைப் பற்றி யோசிக்கவும். ரேம் இல்லாமல் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். சில போர்டுகளில் டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரிந்து நிற்கும். ரேம் இல்லை என்று போர்டு சொல்கிறது, அவ்வளவே. ரேம் செல்லும் தடங்களும் மற்ற ஸ்லாட்டுகளும் நலமாக இருக்கின்றன என்பதற்கு அது சான்று ஆகாது.

கொரட்டூர் ஏரிக்கரை

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கடைக்குச் செய்தி அனுப்பி டி4 இருப்பு உண்டா என்று கேட்டேன். "இரண்டு இருக்கிறது, வாருங்கள்" என்று பதில் வந்தது. இன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போனேன். கறுப்பு மூடியைக் குப்பையில் போடவில்லை; என் மகள் அதைத் தன் பொம்மைக்குத் தொப்பியாக வைத்திருந்தாள். கெஞ்சித்தான் வாங்கி வந்தேன்.

கடையில் இருந்தவர் முத்திரையைக் காட்டினார். நான் வாட்ஸ்அப்பில் மடங்கிய வரியைக் காட்டி, தவறு என்னுடையது, மாற்றித் தந்தால் போதும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் நான் என்றார். பிறகு சொல்லி வைத்ததுபோல அதேதான் நடந்தது: போர்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, கைப்பேசியின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, நான்கு பக்கங்களிலிருந்தும் சாக்கெட்டைப் பார்த்தார். முனைகள் ஒழுங்காக இருந்தால் வெளிச்சம் ஒரே சீராக மின்னும் என்று என்னையும் அழைத்துக் காட்டினார். வரிசை வரிசையாக, ஒரு வயல் நாற்றைப் போல இருந்தது. இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் மிளகளவு பேஸ்ட் ஒட்டியிருந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தார். இதையெல்லாம் முன்கூட்டியே இங்கே படித்திருந்ததால், அவர் குற்றவாளியைப் போல என்னைச் சோதிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரூ. 800 பிடித்துக்கொண்டு ரூ. 9,600க்குக் கிரெடிட் நோட் போட்டார். டி4 போர்டின் விலை ரூ. 9,700, நூறு ரூபாய் மேலே கொடுத்தேன். சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த பழைய ரேமைக் கவுண்டரிலேயே எடுத்து, புதிய போர்டின் ஸ்லாட்டின் மேல் வைத்து, வெட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூட விட்டேன். இரவு எட்டு மணிக்கு வீட்டில் பயாஸ் திரையில் 16 ஜிபி என்று வந்தது.

ஒரு பாக்கி மட்டும் இருக்கிறது. பழைய போர்டின் எம்.2 ஸ்க்ரூ அதன் பெட்டியில் இல்லை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். தேடிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதுதான் பூஜை அறையில் திருநீற்றுத் தட்டில் கிடைத்தது. அப்பா ஏதோ கடிகாரத்தின் திருகாணி என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். சனிக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுவேன்.